வாசலில் டிரெய்லர், உள்ளே விஷக்காற்று... கத்ரினா புயலில் வீடிழந்தவர்களின் ‘தற்காலிக’ வாழ்க்கை!

சொந்த வீட்டைக் கட்டி முடிக்கும் வரை எங்கே தங்குவது? வாடகையும் கொடுத்துக்கொண்டு, கொத்தனார் கூலியும் கொடுக்க எல்லோராலும் முடியாது. நம் ஊரில் மனையின் ஓரத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியேறிவிடுவார்கள். சிமென்ட் மூட்டைக்குக் காவலும் ஆயிற்று, வாடகையும் மிச்சம். அமெரிக்காவில் அந்தக் கொட்டகையின் இடத்தில் இருப்பது டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். மனையில் கொண்டுவந்து நிறுத்தி தண்ணீர், கரன்ட், கழிவுநீர்க் குழாய் இணைப்புகளைக் கொடுத்துவிட்டால் குடித்தனம் நடத்தலாம்.

ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். 2005-ம் ஆண்டில் அமெரிக்காவின் தெற்குக் கரையோரத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அப்படி உள்ளே போனார்கள். பலர் வெளியே வர மூன்று வருடம், நான்கு வருடம் ஆனது. அவர்கள் தூங்கிய கட்டிலின் பலகையிலிருந்தும், சாய்ந்து உட்கார்ந்த சுவரிலிருந்தும் விஷ வாயு கசிந்துகொண்டிருந்தது என்பது இடையில்தான் தெரியவந்தது.

வீடு நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களின் கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது கரைச்சுவர்கள்தான். அவை பல இடங்களில் உடைந்தன. நகரின் 80 சதவிகிதப் பகுதி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் முழுவதுமாக வடியவே வாரக்கணக்கில் ஆனது.

வடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள் பார்த்த காட்சி விசித்திரமானது. பல தெருக்களில் வீடுகள் அப்படியே நின்றன. வாசல் சுவரில் மீட்புக் குழுவினர் ஸ்பிரே பெயின்ட்டால் போட்ட பெரிய எக்ஸ் குறி. அதன் நான்கு மூலைகளில் தேடிய நாள், தேடிய குழு, உள்ளே என்ன ஆபத்து, எத்தனை பேர் கிடைத்தார்கள் என்ற விவரம். கதவைத் திறந்தால் கூரை வரை பூஞ்சை.

அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. உள்பக்கச் சுவர் என்பது அந்தச் சட்டத்தின் மேல் அடிக்கப்பட்ட ஜிப்சம் பலகை. ஒருமுறை ஊறிவிட்டால் அது மீளாது. பலகை, உள்ளே திணித்திருக்கும் பஞ்சு, தரை, வயரிங், சமையலறை அலமாரி என எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துத் தெருவில் போட வேண்டும். மிஞ்சுவது வெறும் எலும்புக்கூடு. அதை உலரவைத்து, பூஞ்சையைச் சுரண்டி, மறுபடியும் உள்ளே ஒரு வீட்டைக் கட்டியாக வேண்டும். கரையோர மிசிசிப்பியில் நிலைமை இன்னும் மோசம். பல இடங்களில் அஸ்திவாரம் மட்டும் இருந்தது. மேலே இருந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது.

வாடகைக்குப் போகலாம் என்றால் வாடகை வீடுகளும் அதே தண்ணீரில்தான் மூழ்கியிருந்தன. எனவே அமெரிக்காவின் மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பான ‘ஃபெமா’ டிரெய்லர்களை வாங்கிக் குவித்தது. மொத்தம் சுமார் 1,45,000 டிரெய்லர்களும் மொபைல் ஹோம்களும். செலவு சுமார் 270 கோடி டாலர். சிலவற்றை மைதானங்களில் வரிசையாக நிறுத்தி முகாம்களாக்கினார்கள். சொந்த மனை வைத்திருந்தவர்களுக்கு அவரவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

வாசலில் இறங்குவதைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். காரணம், வீடு கட்டிப் பார்த்த யாருக்கும் புரியும். வேலை முடிந்து வந்த பிறகு மாலையில் இரண்டு மணி நேரம் பலகை பிரிக்கலாம். காப்பர் வயரைத் திருடவந்தால் சத்தம் கேட்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல்போகும் கான்ட்ராக்டர்கள் அப்போது அங்கே நிறைய. வேலை நடக்கும் இடத்திலேயே இருந்தால் ஓரளவு கண்காணிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பி வந்துவிட்டார் என்பதற்கு அந்த வெள்ளை டிரெய்லர்தான் அடையாளம். இரவில் இருண்டுகிடந்த தெருவில் எந்த வாசலில் விளக்கு எரிகிறதோ, அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டடி அகலத்தில் குடித்தனம்

இந்த டிரெய்லர் வார விடுமுறைக்காக வடிவமைக்கப்பட்டது. ஏரிக்கரையில் நிறுத்தி, இரண்டு நாள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்கானது. அகலம் எட்டடி, நீளம் சுமார் 30 அடி. ஒரு முனையில் பெரியவர்களுக்குக் கட்டில், மறுமுனையில் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில். நடுவே இருக்கும் சாப்பாட்டு மேஜையை இறக்கி, மேலே மெத்தையைப் போட்டால் இன்னொரு கட்டில். ஆக, கடைசியாகச் சாப்பிட்டவர் எழுந்தால்தான் அடுத்தவர் தூங்கலாம். ஒருவர் நடந்து வந்தால் எதிரே வருபவர் கட்டிலில் உட்கார்ந்து வழிவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டி சிறியது. முதலில் குளித்தவர் பாக்கியசாலி.

இதற்குள் பாட்டி, அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் என்று இரண்டு வருடம் இருப்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டுப்பாடம் எங்கே உட்கார்ந்து எழுதுவது, சண்டை போட்டால் எங்கே போய்க் கோபத்தை ஆற்றுவது என்பதெல்லாம் பெரிய கேள்விகள்.

2006 ஆகஸ்டில் இன்னொரு கூத்து வெளிப்பட்டது. டிரெய்லர் பூட்டுகளில் வகைகள் மிகக் குறைவு. ஒருவர் வீட்டுச் சாவி வேறு பலரின் வீட்டையும் திறக்கும்! சுமார் 1,18,000 டிரெய்லர்கள் வரை பூட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்று ஃபெமா அறிவித்தது. விடுமுறைக்குப் போகும் வண்டியின் பூட்டு இவ்வளவுதான் இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருக்கலாம். வரிசையாக நூற்றுக்கணக்கான டிரெய்லர்கள் நிற்கும் முகாமில் தனியாகத் தூங்கும் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அடுத்த புயல் வந்தால் இன்னும் மோசம். சாதாரணக் காற்றையே தாங்காத டிரெய்லரை விட்டு முதலில் வெளியேற வேண்டியவர்கள் இவர்கள்தான். சக்கரம் இருக்கிறதே, கூடவே இழுத்துக்கொண்டு போகலாமா என்றால் அனுமதி இல்லை. அது அரசின் சொத்து, நகர்த்தக் கூடாது. ஓடுவதற்கென்றே செய்த வண்டியைத் தரையில் கட்டிப்போட்டுவிட்டு, மனிதர்கள் ஓட வேண்டியிருந்தது.

கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது

புது அலமாரியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாசனை வருமே, அதில் முக்கியமான பங்கு ஃபார்மால்டிஹைடுக்கு உண்டு. மரத்தூளையும் மெல்லிய மரத் தகடுகளையும் ஒட்டிப் பலகையாக்கும் பசையில் அது இருக்கிறது. பலகையிலிருந்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும். சூடும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2004-லேயே இதைச் சேர்த்துவிட்டது.

பெரிய வீட்டில் ஒரு அலமாரி என்றால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிக்கலாம். டிரெய்லரிலோ சுவர், தரை, அலமாரி, கட்டில் எல்லாமே ஒட்டுப்பலகை. அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றோ கொஞ்சம். வெளியே தெற்குக் கரையின் புழுக்கம். உள்ளே கைக்குழந்தை.

2006-ன் தொடக்கத்திலிருந்தே புகார்கள் வரத் தொடங்கின. கண் எரிச்சல், தலைவலி, மூக்கில் ரத்தம், விடாத இருமல். மிசிசிப்பியின் பே செயின்ட் லூயிஸ் ஊரில் இருந்த குழந்தை மருத்துவர் ஸ்காட் நீடில், சளியும் மூச்சுக்கோளாறுமாக வரும் குழந்தைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் பெற்றோர்கள் சொன்ன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: டிரெய்லர். சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு சில டிரெய்லர்களின் காற்றைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் அளவு மிக அதிகமாக இருந்தது.

ஃபெமாவுக்கு இது தெரியாதா? தெரியும். 2006 வசந்த காலத்திலேயே, கர்ப்பிணியும் நான்கு மாதக் குழந்தையும் இருந்த ஒரு டிரெய்லரை அது சோதித்துப் பார்த்தது. தொழிற்சாலை ஊழியர்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்த உச்ச அளவைப்போல் 75 மடங்கு இருந்தது. அதன் பிறகு, ஆட்கள் குடியிருக்கும் டிரெய்லர்களில் சோதனை செய்வதை ஃபெமா தவிர்த்தது. ஏன் என்ற விடை அதன் வழக்கறிஞர்களின் மின்னஞ்சல்களில் இருந்தது. சோதனையைத் தொடங்கினால் இந்தப் பிரச்னை நம்முடையது என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்பதுதான் அவற்றின் சாரம்.

பதிலுக்கு ஃபெமா செய்த சோதனை வேறு மாதிரி. ஆள் இல்லாத டிரெய்லர்களில் ஜன்னலையும் திறந்துவைத்து, ஏசியையும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அளவு குறைந்தது. ஆகவே குடியிருப்பவர்களும் காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். வெயில் கொளுத்தும் ஜூலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போடச் சொன்ன அந்த யோசனையை, மின் கட்டணம் கட்டும் எந்தக் குடும்பத் தலைவியிடமாவது ஒருமுறை கேட்டிருக்கலாம்.

2007 ஜூலை 19-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக் குழு, ஹென்றி வாக்ஸ்மன் தலைமையில் விசாரணை நடத்தியது. அந்த மின்னஞ்சல்கள் அங்கேதான் பகிரங்கமாயின. மருத்துவர் நீடிலும் சாட்சி சொன்னார். பிறகு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி களமிறங்கியது. 2007 டிசம்பர் கடைசியிலும் 2008 ஜனவரியிலும், மக்கள் குடியிருந்த 519 டிரெய்லர்களையும் மொபைல் ஹோம்களையும் சோதித்தது. காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு. அமெரிக்காவின் சாதாரண வீடுகளில் 10 முதல் 20 வரைதான் இருக்கும். அதிகபட்சமாக ஒன்றில் 590. இதெல்லாம் குளிர்காலத்தில் எடுத்த அளவு. டிரெய்லர்கள் வாங்கி இரண்டு வருடம் ஓடி, கசிவு குறைந்த பிறகு எடுத்த அளவும்கூட.

கோடை வருவதற்குள் எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்று 2008 பிப்ரவரியில் சிடிசி சொன்னது. அப்போதும் 30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ளே இருந்தன.

வண்டிக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்

இவ்வளவு கசியும் பலகையை யார் அனுமதித்தார்கள்? இந்தக் கதையின் மிக முக்கியமான இடம் இது. தொழிற்சாலையில் செய்து மனையில் நிறுத்தும் ‘மொபைல் ஹோம்’ அமெரிக்கச் சட்டப்படி வீடு. அதில் பயன்படுத்தும் பலகையில் எவ்வளவு ஃபார்மால்டிஹைடு கசியலாம் என்பதற்கு 1980-களிலேயே வீட்டு வசதித் துறை வரம்பு வைத்திருந்தது. ஆனால் காரின் பின்னால் மாட்டும் டிரெய்லர், சட்டத்தின் கண்ணில் வாகனம். நாலு நாள் தங்கும் வண்டிக்கு அந்த விதி பொருந்தாது.

ஃபெமா வாங்கியதில் பெரும்பகுதி இந்த ‘வாகனங்கள்’தான். அவை விலை குறைவு, உடனே கிடைக்கும், சிறிய வாசலிலும் நிற்கும். அதில் யாரும் வருடக்கணக்கில் இருக்கப்போவதில்லை என்பதுதான் எல்லா விதிகளுக்கும் பின்னால் இருந்த எண்ணம். தற்காலிக வீட்டு உதவிக்குச் சட்டம் தரும் அவகாசம் 18 மாதம். அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளி 2009 மே மாதம் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது.

அதற்குள் வீடு கட்டி முடிக்காமல் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். பணம் வரவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள், சேதம் காற்றினாலா வெள்ளத்தினாலா என்று வழக்காடின. காற்றுக்கு ஒரு பாலிசி, வெள்ளத்துக்கு வேறு பாலிசி. லூசியானா அரசின் ‘ரோடு ஹோம்’ திட்டம் வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர் வரை தருவதாகச் சொன்னது. 2006-ல் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. அந்த ஆண்டு முடியும்போது பணம் கைக்கு வந்தவர்கள் மிகச் சொற்பம்.

வந்த பணமும் கட்டப் போதவில்லை. புயலுக்கு முன்பு வீட்டின் சந்தை மதிப்பு, சரிசெய்ய ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் தொகையைக் கணக்கிட்டார்கள். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் சந்தை மதிப்பு குறைவு என்பதால் கிடைத்த பணமும் குறைவு. ஆணியும் பலகையும் எல்லாப் பகுதிக்கும் ஒரே விலைதான். இதை எதிர்த்து 2008-ல் வழக்குப் போட்டார்கள். 2011-ல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் ஆறு வருடம் போய்விட்டது. ஆக, இந்த டிரெய்லர் விஷம் என்று ஒரு அலுவலகம் சொன்னபோது, வெளியேறிப் போவதற்கான பணம் இன்னோர் அலுவலகத்தின் மேஜையில் கிடந்தது.

மாற்று யோசனைகள் இல்லாமல் இல்லை. கட்டடக்கலை வடிவமைப்பாளர் மரியான் குசாட்டோ, 308 சதுர அடியில் ‘கத்ரினா காட்டேஜ்’ என்ற சின்ன வீட்டை 2006 ஜனவரியில் ஒரு கண்காட்சியில் வைத்தார். முன்னால் திண்ணைபோல ஒரு தாழ்வாரம், சாய்ந்த கூரை, மஞ்சள் வண்ணம். மனையின் ஓரத்தில் இதை நிறுத்திக் குடியிருக்கலாம். பெரிய வீடு கட்டி முடித்த பிறகு பாட்டிக்கோ வாடகைக்கோ விட்டுவிடலாம். தூக்கி எறியத் தேவையில்லை. நாடாளுமன்றம் இதுபோன்ற மாற்று வீடுகளுக்காக 40 கோடி டாலர் ஒதுக்கியது. மிசிசிப்பியில் ஆயிரக்கணக்கில் சிறிய காட்டேஜ்கள் வந்தன. ஆனால் அவை வருவதற்குள் டிரெய்லர்களில் குடித்தனம் தொடங்கி நாளாகிவிட்டிருந்தது.

ஸ்டிக்கரைக் கிழித்தால் மறுபடியும் வீடு

பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கில், அரசின் மீதான குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தயாரிப்பு நிறுவனங்களும் ஒப்பந்ததாரர்களும் 4.26 கோடி டாலர் தர 2012-ல் ஒப்புக்கொண்டார்கள். அதைப் பங்குபோட வேண்டியவர்கள் சுமார் 55,000 பேர். தலைக்கு 800 டாலர்கூட வரவில்லை. அதிலும் வழக்கறிஞர் கட்டணம் போகத்தான் மீதி. உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு. ஒட்டுப்பலகையில் ஃபார்மால்டிஹைடு கசிவுக்கு நாடு முழுவதற்கும் வரம்பு வைக்கும் சட்டத்தில் 2010 ஜூலையில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். வண்டியா, வீடா, அலமாரியா என்று பார்க்காமல் பலகைக்கே விதி.

அந்த டிரெய்லர்கள் என்ன ஆயின? அரசு அவற்றை ஏலத்தில் விட்டது. ‘குடியிருக்க அல்ல’ என்று ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்றது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது, கரையைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் தங்கியிருந்த சில டிரெய்லர்கள் பத்திரிகையாளர்களின் கண்ணில் பட்டன. அவை பழைய ஃபெமா டிரெய்லர்கள். சிலவற்றில் ஸ்டிக்கரைக் காணோம். நியூ ஆர்லியன்ஸில் உச்சகட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்ட ஃபெமா டிரெய்லர்கள் இருந்தன. கடைசி டிரெய்லர் அந்த நகரைவிட்டுப் போனது 2012 பிப்ரவரியில்.

ஆறு வருடம் கழித்து, நாட்டின் மறுகோடியில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரத்தைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பலாயின. வீடு எரிந்தவர்கள் சொந்தமாக டிரெய்லர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எரிந்த மனையிலேயே நிறுத்திக்கொள்ள நகராட்சியும் அனுமதித்தது. சாம்பலில் என்னென்ன நச்சு கலந்திருக்கிறது என்பது அப்போது தெரிந்த விஷயம்தான், ஆனால் போக வேறு இடம் இல்லை.

இம்முறை ஃபெமா குறுக்கே வந்தது. அங்கே மக்கள் குடியிருக்கலாம் என்றால், மனை ஆபத்தானது என்று சொல்லி அரசுப் பணத்தில் சாம்பலை அள்ளுவது எப்படி என்று கேட்டது. அந்தப் பணத்தை இழக்க நகரத்தால் முடியாது. 2019 பிப்ரவரி 4 அன்று நகரசபை அனுமதியைத் திரும்பப் பெற்றது. டிரெய்லரை நிறுத்திக் குடியேறியிருந்தவர்கள் மறுபடியும் இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். சாம்பல் அள்ளி, மண்ணைச் சோதித்து, மனை சுத்தம் என்று தாள் கைக்கு வந்த பிறகுதான் திரும்ப அனுமதி. வந்து நிறுத்தியவர்களுக்கும் குழாயைத் திருகிக் குடிக்க வழியில்லை. தீயில் உருகிய குழாய்களால் குடிநீரில் பென்சீன் கலந்திருந்தது. டிரெய்லரின் ஒரு பக்கம் புது வீட்டுக்கான பலகை அடுக்கு, மறுபக்கம் லாரியில் வந்த தண்ணீர்த் தொட்டி என்று அவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள்.